கேன்டீன் ஜோடியில் பதினேழும் நாற்பத்தொன்றும்

பனையூர்க் குப்பத்து அஞ்சப்பன் மகள் காந்தாவைச் சேலையூர்ப் பக்கம் போய் விசாரித்தால் "பிரவுசிங் சென்டர் அக்காவா?" என்றுதான் கேட்பார்கள். அஞ்சப்பனுக்கு அவள் ஒரே பெண். அவருக்குக் கூடப் பிறந்ததும் ஒரே தங்கை, செல்லியம்மாள். செல்லியம்மாளுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் கன்னியம்மா, இளையவள் தேசம்மா. அண்ணன் வீடும் தங்கை வீடும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்று பெண்களும் ஒரே தட்டில் சோறு தின்று, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இதை முதலிலேயே சொல்லி வைத்தால்தான் பின்னால் நடந்த கூத்து விளங்கும்.

செல்லியம்மாள் செத்தது தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில். அடைமழைக் காலம். கன்னியம்மா அப்போது புருஷனோடு தூத்துக்குடியில் இருந்தாள். தந்தி போய், பஸ் பிடித்து, பாலம் உடைந்த இடத்தில் சுற்றிக்கொண்டு வந்து சேர அவளுக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று குப்பத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணி போட்ட அண்ணன் அஞ்சப்பன்தான் "எடுங்கப்பா" என்று வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற தேசம்மா அழுதாளே தவிர, அக்கா வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பும்போது கன்னியம்மா இடுப்பில் மூன்று வயதுப் பெண்ணோடு ரோட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"எங்கம்மா மூஞ்சிய மறைச்சிட்டீங்களே, பாவிங்களா! இனிமே உங்க வாசல்ல என் காலு படாது. என் பொண்ணு காலும் படாது."

ஈர மண்ணை வாரித் தூற்றிவிட்டு அதே புடவையோடு திரும்பிப் போனவள்தான். பதினாறு வருஷம் ஆயிற்று. தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறாள் என்பதற்கு மேல் யாருக்கும் ஒரு தகவலும் இல்லை.

காந்தா பத்தாவது படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். அவளைக் கேம்ப் ரோடு சாம்பசிவனுக்குக் கொடுத்தார்கள். சாம்பசிவனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. காந்தா சும்மா இருக்கிற ஜாதி இல்லை. வாசலோரம் எஸ்.டி.டி. பூத் வைத்தாள். பிறகு ஜெராக்ஸ் மிஷின் வந்தது. பிறகு நாலு கம்ப்யூட்டர், அப்புறம் எட்டு. சுற்றிலும் காலேஜ்கள். பையன்களும் பெண்களும் புராஜெக்ட் பிரின்ட் எடுக்க வருவார்கள், ரிசல்ட் பார்க்க வருவார்கள், சாட்டிங்குக்கும் வருவார்கள். வருகிறவர்களை எல்லாம் அவள் முதலில் கேட்கிற கேள்வி, "எந்த ஊரு, யார் வூடு?" என்பதுதான். அதற்குப் பதில் வாங்காமல் கேபின் திரையை விலக்க விட மாட்டாள்.

"அக்கா, இது பிரவுசிங் சென்டரா, ரேஷன் கடையா?" என்று பிள்ளைகள் கிண்டல் அடிப்பார்கள்.

கேன்டீன் ஜோடி என்ற வெப்சைட் பிறந்தது ஒரு பையனின் அழுகையில். டெல்லியில் இருக்கிற பெண் என்று நம்பி மூன்று மாதம் ஒருத்தியோடு சாட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் இவன் பக்கத்துக் கேபினிலேயே உட்கார்ந்திருந்த இவன் வகுப்புப் பையன். காலேஜே சிரித்தது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்திருந்த அஃப்தாப் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாமளே ஒண்ணு ஆரம்பிக்கலாம்கா. காலேஜ் பசங்களுக்கு மட்டும். பொய் ஆளே உள்ள வர முடியாத மாதிரி," என்றான். மேற்குத் தாம்பரத்தில் பெட்டிக் கடை வைத்திருக்கும் கிபாயத்துல்லா பாயின் மகன். பெட்டி என்றால் சூட்கேஸ், பை, பெல்ட். பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

பொய் ஆளைத் தடுக்கிற வழியைச் சொன்னவள் காந்தா. சேருகிறவர்கள் நேரில் வந்து காலேஜ் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெயரும் அப்பா பெயரும் அவளிடம் உள்ள நீல அட்டை நோட்டில் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டரில் வெறும் நம்பர்தான். முப்பது கேள்விக்குப் பதில் சொன்னால், யாருக்கு யார் பொருத்தம் என்று மிஷினே மார்க் போடும். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். அதுவரைக்கும் காந்தா வாயிலிருந்து ஒரு பெயரும் வெளியே வராது.

"சாதி கேக்கக் கூடாதுக்கா. ஜாதகம், சொந்த ஊரு, எதுவும் கேக்கக் கூடாது. அதெல்லாம் வேணும்னா அவங்க அப்பா அம்மாவே பாத்துக்குவாங்களே," என்றான் அஃப்தாப்.

ஊர் கேட்கக் கூடாது என்றதும் காந்தாவுக்கு நாக்கு நமநமத்தது. ஆனால் பிள்ளைகள் எல்லாம் அவன் பக்கம். சரி என்று விட்டுவிட்டாள். பேப்பரில்தான் கேட்கக் கூடாது, வாயால் கேட்பதை யார் தடுக்கப் போகிறார்கள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவே இல்லை. எந்த அப்பா செருப்போடு வருவாரோ, எந்தக் காலேஜ் பிரின்சிபால் போலீசில் எழுதிக் கொடுப்பாரோ என்று, வாசலில் வேஷ்டி கட்டிய ஆள் நிழல் தெரிந்தாலே நோட்டைத் தூக்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பாள். சாம்பசிவன் சிரிப்பான். "லாட்டரிச் சீட்டா விக்கிற, ஒளிச்சி வெக்கிறதுக்கு?"

ஆனி மாதத்துக்குள் அறுபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் மிஷின் யாருக்கும் முப்பதுக்கு இருபதுக்கு மேல் மார்க் போடவில்லை. ஒரு நாள் அஃப்தாப் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"அக்கா! இருபத்தெட்டு! பதினேழுக்கும் நாப்பத்தொண்ணுக்கும் இருபத்தெட்டுக்கா! ரெண்டே ரெண்டு கேள்விதான் மாறுது!"

நாற்பத்தொன்று யார் என்று காந்தாவுக்கு நினைவு வரவில்லை. பதினேழு மட்டும் தெரியும். பிரேம். மாடம்பாக்கத்துப் பையன், பி.காம். கடைசி வருஷம். சேர வந்த அன்றே யார் வீடு என்று கேட்டதில் தேசம்மாவின் மகன் என்று தெரிந்துபோயிற்று. சின்ன வயதில் பார்த்த பிள்ளை, மீசை முளைத்து வந்து நின்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். தேசம்மா அவளுக்கு அத்தை மகள் ஆயிற்றே, பையனுக்கு அவள் அத்தை முறை ஆக வேண்டும். ஆனால் அவன், "கடையில அக்கான்னே கூப்பிடறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டான். நாற்பத்தொன்று சேர்ந்த அன்று காந்தா காய்ச்சலில் படுத்திருந்தாள். சாம்பசிவன்தான் கல்லாவில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்து எழுதினான். நிஷா, அப்பா பெயர் ஏழுமலை, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அவனுக்கு ஊர் கேட்கிற வழக்கம் எல்லாம் கிடையாது, காந்தாவும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் சம்மதம் சொன்னார்கள். மூன்று வாரம் கேன்டீன் ஜோடியிலேயே எழுதிக்கொண்டார்கள். பிறகு போன் நம்பரும் மாற்றிக்கொண்டார்கள். காந்தா கடை முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். முதல் ஜோடி ஆயிற்றே.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நிஷா கடைக்கு வந்தாள். காந்தா அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடையோடு, கூட ஒரு தோழி.

"அக்கா, நீங்கதானே காந்தா அக்கா? தேங்க்ஸ் சொல்லலாம்னு வந்தேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வண்டலூர் ஜூல மீட் பண்றோம்."

"நல்லா இருங்கம்மா. எப்படிப் பேசறான் பையன்?"

"எனக்கு எதெது புடிக்குமோ, அதெல்லாம் அவருக்கும் புடிக்குதுக்கா. எங்க அம்மா மாதிரியே அவங்க அம்மாவும் கோபம் வந்தா பேச மாட்டாங்களாம். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுவாங்களாம். நானும் அவரும் சிரிச்சிச் சிரிச்சி..."

கழுவின பாத்திரத்தையே கழுவுகிற ஒருத்தியைக் காந்தாவுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, செல்லியம்மா அத்தை.

"உங்க அம்மாவுக்குப் பொறந்த வூடு எந்த ஊரும்மா?"

"இங்கதான் ஈ.சி.ஆர்.ல, பனையூர்க் குப்பம். ஆனா நாங்க போனதே இல்லக்கா. அப்பாவுக்குப் பெருங்களத்தூர்ல வேலை கெடச்சி இங்க வந்தே ரெண்டு வருஷம்தான் ஆவுது. அதுக்கு முன்னாடி தூத்துக்குடி."

"அம்மா பேரு?"

"கன்னியம்மா."

ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தப் பையனுடைய புராஜெக்டோ, காந்தா ஒரே பக்கத்தை இருபத்தி நாலு காப்பி எடுத்துவிட்டாள். அந்தப் பையன் கத்தினான். தோழி கையைப் பிடித்து இழுத்தாள், பஸ் வந்துவிட்டது. நிஷா சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு ஓடினாள். காந்தா கையில் அந்தக் காப்பிகளோடு கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகள். அண்ணன், தங்கை. ஜோடி சேர்த்து வைத்தவள் இவள்.

சாயங்காலம் அஃப்தாப் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிக்கா, சொந்தமாப் போச்சு. அதுல இன்னா?" என்றான்.

"டேய்! தங்கச்சிடா அது!"

"பெரியம்மா பொண்ணு தானேக்கா? எங்க அண்ணனுக்கு எங்க பெரியப்பா பொண்ணத்தான் கட்டியிருக்கு. ரெண்டு புள்ளைங்க."

"உங்கள்ல கட்டலாம். எங்கள்ல மாமன் மவளக் கட்டலாம், அத்த மவளக் கட்டலாம். பெரியம்மா மவ கூடப் பொறந்தவ. அதுங்க மேல தப்பா ஒரு பார்வை பட்டாலே குப்பத்துல சேக்க மாட்டாங்கடா. வெளிய தெரிஞ்சா அந்தப் பொண்ணு கெணத்துல குதிக்கும்."

அஃப்தாப் ஸ்டூலில் உட்கார்ந்தான். "எனக்கு அது தோணவே இல்லக்கா. சாதி கேக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேனே ஒழிய, இப்படி ஒரு கேள்வி கீதுன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும் இல்ல," என்றாள் காந்தா. "எனக்குத் தெரியும், நானும் வுட்டுட்டேனே."

மிஷின் ஏன் இருபத்தெட்டு போட்டது என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன குழம்பு, வீட்டில் கோபம் வந்தால் என்ன செய்வார்கள், தூங்கும்போது விளக்கு வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்ட கேள்விகள். இரண்டு அம்மாக்களும் ஒரே பாயில் படுத்தவர்கள். பிள்ளைகள் பதில் வேறு எப்படி இருக்கும்?

"ஒண்ணு பண்ணலாம்கா. கம்ப்யூட்டர் தப்பா மார்க் போட்டுடுச்சி, இந்த மேட்ச் கேன்சல்னு ரெண்டு பேருக்கும் ஒரு மெசேஜ் போட்டுடறேன். பேரும் சொல்ல வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம்."

அதுவே நல்லதென்று பட்டது. பெயர் சொல்ல மாட்டேன் என்று அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு இதைச் சொன்னால் நாளைக்கு அவள் வாயை யார் நம்புவார்கள்? ஆனால் பெரிய பயம் அது இல்லை. எடுங்கப்பா என்று சொன்னவர் அவள் அப்பா. அந்த அஞ்சப்பன் மகள், தன் பெண்ணைத் தேசம்மா பையனோடு ஜோடி சேர்த்தாள் என்று கன்னியம்மாவுக்குத் தெரிந்தால், தெரியாமல் நடந்தது என்று அவள் நம்புவாளா? அம்மா முகத்தை மறைத்தவர்கள், இப்போது பெண் முகத்திலும் கரி பூசினார்கள் என்றுதானே சொல்வாள்?

சனிக்கிழமை காலையில் மெசேஜ் போயிற்று. பத்து நிமிஷத்தில் பிரேம் போன் பண்ணினான். சிரிப்புத் தாங்கவில்லை அவனுக்கு.

"அக்கா, உங்க கம்ப்யூட்டருக்குத் தப்பாத் தெரிஞ்சா தெரிஞ்சிகினு போவுது. எங்களுக்குக் கரெக்டாத்தான் கீது."

"பிரேம், நான் சொல்றதக் கேளு. நாளைக்கு நீ போவாத."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு..." பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "பிரேம், பக்கத்துல யாரு?"

"அம்மாதான். மீன் ஆஞ்சிகினு கீறாங்க. அப்புறம் பேசறேன்கா," என்று வைத்துவிட்டான். அதற்கு மேல் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கவில்லை. நிஷாவுக்குப் போட்டபோதெல்லாம் போன் அணைந்தே கிடந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த சாம்பசிவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நீ ஏன் நடுவுல போயி நிக்கிற? பேசுவாங்க, பழகுவாங்க, ஒரு நாளைக்கு அம்மா ஊரப் பத்திப் பேச்சு வந்தா தானாத் தெரியும்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டாலும் நம்ம மேல வராது. நம்பர்தான கீது."

"நோட்டுல உன் கையெழுத்துதான்யா கீது," என்றாள் காந்தா. அவனுக்கும் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டாள். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தால் செங்கல்பட்டு வண்டி அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் என்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடி வந்து பஸ் ஏறினாள். பெருங்களத்தூரில் ஏதோ கல்யாண ஊர்வலம், பஸ் நின்றுவிட்டது. இந்தத் தெருக்களில் எங்கேயோ ஒரு வீட்டில் கன்னியம்மா இப்போது துணி துவைத்துக்கொண்டிருப்பாள். பெண் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். காந்தா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் குனிந்து உட்கார்ந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூவில் டிக்கெட் வாங்கி உள்ளே போகும்போது மணி பதினொன்றே கால். கூட்டமான கூட்டம். குரங்குக் கூண்டண்டை பார்த்தாள், இல்லை. வெள்ளைப் புலிக்கு நின்ற வரிசையை இரண்டு தடவை சுற்றினாள், இல்லை. மரத்தடியில் நெருங்கி உட்கார்ந்திருந்த ஒரு ஜோடியின் தோளைத் தட்டிவிட்டாள். திரும்பியது வேறு ஆட்கள்.

"இன்னாம்மா வேணும்?"

"ஒண்ணும் இல்லப்பா, நம்ம புள்ளைங்கன்னு நெனச்சிட்டேன்."

கடைசியில் நீர்யானைக் குளத்துக்குப் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் கண்டுபிடித்தாள். பிரேம் புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக் கூடக் கலையவில்லை. நிஷா மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்ப் பத்தையைப் பேப்பரில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதைப் பார்த்ததும் காந்தாவுக்குப் பாதி மூச்சு வந்தது. நேராகப் போய் அந்த நடு இடத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

"வேவு பாக்க வந்தீங்களா?" என்றான் பிரேம்.

எப்படி எப்படியோ சொல்லலாம் என்று வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் பக்கம் திரும்பி, "பிரேம், உங்க அம்மாவப் பெத்த ஆயா பேரு இன்னா?" என்று கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"சொல்லு."

"செல்லியம்மா. பனையூர்க் குப்பம். நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே செத்துப்போச்சே. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

நிஷாவின் கை மாங்காய்ப் பேப்பரோடு அப்படியே நின்றது. "எங்க ஆயா பேரும் செல்லியம்மாதான்," என்றாள். "அவங்களும் பனையூர்..."

"அதே ஆயாதாம்மா," என்றாள் காந்தா. "ரெண்டு பேருக்கும் ஒரே ஆயா. உங்க அம்மா பெரியவ. இவன் அம்மா சின்னவ."

பிரேம் சிரிக்கப் பார்த்தான். "எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாதுக்கா."

"கீறாங்கடா. ஆயா சாவுல சண்டை. மூஞ்சி பாக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க. எடுக்கச் சொன்னது எங்கப்பா. அதுக்கப்புறம் பேச்சே கெடையாது. அதான் உங்களுக்குச் சொல்லல."

பக்கத்தில் குழந்தைகள் நீர்யானை வாயைப் பிளப்பதைப் பார்த்து ஓவென்று கத்தினார்கள். பிரேம் எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய் நின்றான். பிறகு இன்னும் இரண்டு அடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் இரண்டும் சிவந்து போயிருந்தன.

நிஷா அழவில்லை. பேப்பரை நாலாக மடித்தாள்.

"நீங்க எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வெள்ளிக்கெழமை. நீ வந்தியே, அப்ப."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான்... வாய் வரலம்மா. பயந்துட்டேன்."

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா, நேத்து சாயங்காலம் நான் அவருக்கு அந்த மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டேன்ல?"

அது என்ன மெசேஜ் என்று காந்தா கேட்கவில்லை. இரண்டு நாள் அவள் தன் வாக்கையும், தன் அப்பா பெயரையும், தன் கடையையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளில் இந்தப் பெண் வெட்கத்தை விட்டு என்னவோ ஒன்றை எழுதியிருக்கிறாள். இனி அது எழுதாததாக ஆகாது.

பிரேம் திரும்பிப் பார்க்காமலே கேட்டை நோக்கி நடந்தான். புதுச் சட்டை கூட்டத்தில் மறையும் வரைக்கும் நிஷா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் காந்தாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். வழி நெடுக போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெசேஜாக அழித்தாள். ஒன்றை அழிக்க மூன்று பொத்தான் அமுக்க வேண்டும். பெருங்களத்தூர் வந்த பிறகும் முடியவில்லை. இறங்கும்போது, "வெப்சைட்ல இருக்கிறத நீங்க அழிச்சிடுவீங்க இல்ல?" என்றாள்.

"இன்னிக்கே."

"எங்க அம்மாவுக்கு..."

"என் வாயால போவாதும்மா."

"சொல்ல வேண்டிய அன்னிக்கும் உங்க வாயால வரலியேக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சின்னப் பெண். ஆனால் அவள் சொன்ன விதத்தில் காந்தாவுக்குக் கன்னியம்மாவின் குரல் அப்படியே கேட்டது.

கடைக்கு அஃப்தாபை வரச் சொல்லி, கண் முன்னாலேயே பதினேழையும் நாற்பத்தொன்றையும் அழிக்கச் சொன்னாள். ஒரு வரிகூடப் படிக்காமல் அவன் அழித்தான். பிறகு அந்த வாரம் முழுவதும் ஜோடி சேர்ப்பதை நிறுத்தி வைத்தாள். மீதி அறுபத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அம்மா பிறந்த வீடு எந்த ஊர், அப்பா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு நோட்டில் எழுதினாள்.

"அக்கா, அடுத்து வளைகாப்பு தேதியும் நீங்களே குறிச்சிடுவீங்களா?" என்றான் ஒரு பையன். இன்னும் ஒன்பது பேர், எங்கள் வீட்டு விவகாரம் உங்களுக்கு எதற்கு என்று சொல்லிப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டாள்.

அவள் பயந்ததெல்லாம் வாசலைத்தான். கூடையோடு யாராவது பெண்பிள்ளை நிழல் விழுந்தால் எழுந்து எட்டிப் பார்ப்பாள். கன்னியம்மாவா, தேசம்மாவா? யார் முதலில் வருவார்கள், மண்ணை வாரித் தூற்றவா, கொண்டையைப் பிடிக்கவா? தேசம்மா ஒரு தடவை போன் பண்ணினாள். ஆவணியில் அவள் நாத்தனார் வீட்டுக் கல்யாணம், கட்டாயம் வர வேண்டும் என்றாள். அவ்வளவுதான். "பிரேம் எப்படி கீறான்?" என்று காந்தா கேட்டாள். "இன்னாவோ போ. பத்து நாளா வாயத் தெறக்க மாட்டேங்கறான், துன்னவும் மாட்டேங்கறான். பரீட்சைக்குப் படிக்கறானாம்," என்றாள் தேசம்மா.

பதினோராம் நாள் மத்தியானம் பிரேம் கடைக்கு வந்தான். முகத்தில் தாடி. கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு ஜெராக்ஸ் மிஷினையே பார்த்தான். காந்தா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"எல்லாம் அழிச்சாச்சுப்பா. நோட்டுல பேரையும் அடிச்சிட்டேன்."

"ம்."

"அம்மாகிட்ட..."

"சொல்லல." மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதுக்குக் கூடப் பொறந்தது யாராவது கீறாங்களா?" என்றான்.

"யாருக்கு?"

"அதுக்குத்தான்." பெயர் சொல்ல அவனுக்கு இன்னும் வரவில்லை.

"இல்லடா. ஒரே பொண்ணு."

"அண்ணன் தம்பி யாரும் இல்ல?"

"யாரும் இல்ல."

பிரேம் மிஷின் மூடியைத் தூக்கினான், மறுபடி மூடினான். "காலேஜ் பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் தெனமும் பைக்ல வந்து தொந்தரவு பண்றான்னு எழுதியிருந்துச்சி அத்த. வூட்ல சொல்லவும் பயமா கீதுன்னு. நான் அப்ப சும்மா ஆறுதலா ஏதோ எழுதிட்டு வுட்டுட்டேன்."

"அதுக்கு இப்ப இன்னா?"

"எந்த ஸ்டாப்பு, எத்தினி மணிக்கு வரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்."

"டேய், நீ போயி அடிதடில எறங்கி..."

"அடிக்கல அத்த. போயி பக்கத்துல நிப்பேன், அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அவன் நின்றுகொண்டே இருந்தான், பதில் வாங்காமல் போகிற மாதிரி தெரியவில்லை. காந்தா போனைக் கையில் எடுத்து, அந்தப் பெண் எடுப்பாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே நம்பரைப் போட்டாள்.